கேபிளின் இந்தப் பக்கம்

முதலில் அது கேமராவைத் தெரியவே தெரியாது என்றது.
"சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை."
கண்ணெதிரே, முக்காலியில்,
பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது கேமரா.
கேபிளைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகி,
மடிக்கணினியை அணைத்து எழுப்பி,
மூன்றாம் தடவை
டொய்ங் என்றது.
பழைய கேமரா, புது மென்பொருள்.
தினமும் காலையில் இந்த ஊடல் உண்டு.

லெபோ பசார், மேல்மாடி.
கீழே அடகுக் கடை.
மேஜையில் நூற்றுப் பதினெட்டு பிளாஸ்டிக் பைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எண்.
வட்டி கட்டாமல் மூழ்கிப்போன நகைகள்.
வெள்ளிக்கிழமை ஏலம்,
புதனுக்குள் படம்.
தவ்கே கூ சொன்னது இவ்வளவுதான்:
"வெள்ளைப் பின்னணி. நிழல் வேண்டாம். சாமான் மட்டும்."

இத்தனை கிட்டத்தில்
விரல் பட்டாலே படம் நடுங்கும்.
அதனால் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து
ஸ்பேஸ் பாரை அழுத்துகிறேன்.
அங்கே ஒரு இமை தட்டுகிறது.
அப்பர்ச்சர் பதினொன்று. ஐஎஸ்ஓ நூறு.
கோப்பின் பெயர் தானாய் விழுகிறது:
சீட்டு எண், அடிக்கோடு, வரிசை எண்.

தெருவில் லாரி பின்வாங்கினால்
பழைய மரத்தளம் மேஜைக்குச் சொல்லும்,
மேஜை முக்காலிக்கு.
எதிர்க்கடை ஒலிபெருக்கியும் அப்படியே;
தபேலா ஓய்கிற நொடிக்குக் காத்திருந்து
அழுத்துவேன்.

பதினேழாவது பை.
குழந்தை வளையல், ஒற்றை,
நாலு கிராம்கூட இருக்காது.
லைவ் வியூவைப் பத்து மடங்கு பெருக்கினேன்.
வலது அம்பைத் தட்டினால்
ஃபோகஸ் ஒரு நூல் உள்ளே போகும்.
நாலாவது தட்டலில் உட்சுவரில்
ஒரு கீறல் தெளிந்தது.
ஐந்தாவதில் எழுத்தானது.
ஊசியாலோ காம்பஸ் முனையாலோ
அவசரமில்லாத ஒரு கை
துளசி என்று இழுத்திருக்கிறது.
கடைசிக் கொக்கி மட்டும் வழுக்கி
விளிம்புவரை ஓடியிருக்கிறது.

"அது என்ன, அழுக்கா?"
கோப்பி-ஓ கிளாஸோடு பின்னால் தவ்கே.
"இல்லை."
"கீறலா? கம்ப்யூட்டரில் அழிக்கலாம்தானே?"
"நாமா," என்றேன். "தமிழில் எழுதியிருக்கு."
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித்
திரையருகே குனிந்தார்.
எந்தப் பக்கம் மேல் என்று கேட்டார்.
காட்டினேன்.
கோப்பி ஆறுகிற அளவுக்குப் பார்த்தார்.
"பெயர் இருந்தால்," என்றார் மெதுவாக,
"வாங்குகிறவன் தயங்குவான். விலை இறங்கும்."

அழிக்க ஒரு கருவி இருக்கிறது.
பக்கத்துத் தங்கத்தை அள்ளி மேலே பூசிவிடும்,
தடயமே இராது.
சுட்டியை அதன்மேல் வைத்தேன்.
எடுத்தேன்.
அப்பர்ச்சரை நாலுக்குத் திறந்தேன்.
அப்புறம் இடது அம்பு.
ஒரு நூல். இரண்டு. ஆறு.
எழுத்தின் ஓரங்கள் கலங்கின,
சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டின,
துளசி வெறும் மஞ்சளானாள்.
முன்விளிம்பின் பூவேலை மட்டும்
கூர்மையாய் நின்றது.

ஸ்பேஸ் பார்.
"பாகுஸ்," என்றார் தவ்கே,
படியிறங்கினார்.

ஆனால் அவர் வருமுன்னே,
அந்த ஐந்தாம் தட்டலில்,
என் கட்டைவிரல் ஒருமுறை அழுத்தியிருந்தது.
படம் இரண்டு இடத்தில் விழும்படி
காலையில் அமைத்ததும் நான்தான்.
மடிக்கணினியில் இருந்ததை அழித்தேன்.
கேமராவுக்குள் இருக்கும் கார்டைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.

பட்டர்வொர்த்தோ, ஆயர் ஈத்தாமோ,
அந்தக் கைக்கு இப்போது இது நுழையாது.
நுழையாது என்றுதான் வைத்தார்களோ என்னவோ.
மேலே யோசிக்க
மென்பொருளில் பெட்டி ஏதும் இல்லை.

பதினெட்டு.
மூக்குத்தி, ஒரு கல் காணோம்.
லாரி வருகிறது.
கையை எடுத்துவிட்டுக்
காத்திருக்கிறேன்.